பீடமும் மரச்சுவரும்

கவிதையை அதிகாரிகள் திருத்துவது புதிய விஷயமல்ல. தணிக்கை என்ற பெயரில் எல்லா நாடுகளிலும் நடந்து வந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்தது மட்டும் வேறு ரகம். குடியேற்றத் துறையின் தற்காலிகத் தலைவராக இருந்த கென் குச்சினெல்லி, சுதந்திர தேவி சிலையின் பீடத்திலுள்ள கவிதையை ஒரு வானொலிப் பேட்டியில் உட்கார்ந்த இடத்திலேயே திருத்திக் கொடுத்தார். வறியவர்களும் களைத்தவர்களும் வரட்டும். ஆனால் சொந்தக் காலில் நிற்கத் தெரிந்தவர்களாக, அரசாங்கத்துக்குச் சுமையாகாதவர்களாக வரட்டும் என்று ஒரு நிபந்தனையைக் கவிதைக்குள் செருகினார். அடுத்து ஒரு தொலைக்காட்சியில், அந்தக் கவிதை ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களைப் பற்றியது என்று பொழிப்புரையும் சொன்னார். படித்த வர்க்கம் கொதித்தெழுந்தது. கவிதையின் புனிதம் கெட்டுவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின.

கொதித்தவர்களில் எத்தனை பேர் கவிதையின் பதினான்கு அடிகளையும் படித்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். குச்சினெல்லியின் நேர்மையீனத்தைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர், தான் அறியாமலே, சரித்திரத்தின் பக்கம் நிற்கிறார். 'பொதுச் சுமை' என்ற அந்த வாசகம் 1882 ஆகஸ்டில் நிறைவேறிய அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் உள்ளது. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாமல் பொதுச் சுமையாகக் கூடியவர் கப்பலிலிருந்து இறங்கக்கூடாது என்றது அந்தச் சட்டம். இறங்கும் தலைக்கு 50 சென்ட் வரியும் போட்டது. அதே ஆண்டு மே 6-ம் தேதி சீனக் கூலிகளைப் பத்தாண்டுக்குத் தடை செய்யும் சட்டத்தில் ஜனாதிபதி ஆர்தர் கையெழுத்திட்டிருந்தார். எம்மா லாசரஸ் 'புதிய கொலாஸஸ்' என்ற கவிதையை எழுதியது 1883-ல். அதிகாரி சேர்த்த நிபந்தனை கவிதையைவிட ஒரு வயது மூத்தது. கவிதை எழுதப்பட்ட மேஜையின் மேல் அந்தத் தாள் ஏற்கெனவே கிடந்தது.

ஒரு கவிதை எப்படி ஒரு தேசத்தின் கொள்கையாக நினைத்துக்கொள்ளப்படுகிறது? நினைத்துக்கொள்ளப்படும்போது கவிதைக்கு என்ன நேர்கிறது? என் கேள்வி இதுதான். சட்டத்தைப் பற்றி எழுத சட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

சிலையை எடுத்துக்கொள்வோம். அது குடியேறிகளுக்காகச் செய்யப்பட்டதல்ல. அடிமை முறையை எதிர்த்த லாபூலே என்ற பிரெஞ்சு அறிஞரின் யோசனை, பர்த்தோல்டியின் சிற்பம். சிலைக்கு இட்ட பெயர் 'உலகுக்கு ஒளி தரும் சுதந்திரம்'. ஒளி வெளியே போக வேண்டும் என்பது செய்தவர்களின் எண்ணம். யாரும் உள்ளே வர வேண்டும் என்பது அதில் இல்லை. பிரான்ஸ் சிலையைக் கொடுத்தது, பீடத்துக்குப் பணம் அமெரிக்கர்கள் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்காக ஒரு கண்காட்சியும் ஏலமும். ஏலத்துக்குக் கவிதை கேட்டபோது, கேட்டு எழுதுவது தன் வழக்கமில்லை என்று லாசரஸ் முதலில் மறுத்தார். நியூயார்க்கின் பழைய யூதக் குடும்பம் ஒன்றின் பெண், வசதியானவர். ருஷ்யாவில் 1881-ல் தொடங்கிய யூதப் படுகொலைகளுக்குத் தப்பி வந்தவர்களை வார்ட்ஸ் தீவில் போய்ப் பார்த்திருந்தார். அந்த அகதிகளை நினைத்துக்கொண்டு எழுதும்படி ஒரு தோழி சொன்ன பிறகே எழுதினார். 1886 அக்டோபரில் சிலை திறக்கப்பட்டபோது கவிதையை யாரும் வாசிக்கவில்லை. மறு ஆண்டு தன் 38-ம் வயதில் லாசரஸ் இறந்துபோனார். இன்னொரு தோழியின் முயற்சியால் 1903-ல் கவிதை வெண்கலப் பட்டயமாகப் பீடத்தின் உட்சுவருக்கு வந்தது. ஆக, சிலை சொல்லாததைக் கவிதை சொன்னது. கவிதை சொன்னதைப் பிறகு சிலை சொன்னதாக ஆக்கிவிட்டார்கள். கவிதை சிலைக்கு ஒரு காரணத்தைத் தந்துவிட்டது என்று ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவெல் லாசரஸுக்கு எழுதிய கடிதத்தில் இதை அப்போதே பார்த்திருக்கிறார்.

கவிதையாக அது எப்படி? பெட்ரார்க் வகை ஸானெட். முதல் எட்டு அடிகளில் பழைய கிரேக்க ராட்சதச் சிலையைத் தள்ளி வைத்துவிட்டுப் புதிய பெண்ணுருவை நிறுத்துகிறார். திருப்பம் வர வேண்டிய ஒன்பதாம் அடியில் சிலை பேசத் தொடங்குகிறது. உருவத்தின் கட்டாயத்தை அனுபவத்தின் திருப்பமாக ஆக்கியிருப்பது தேர்ந்த கை. இதற்குமேல் எனக்குப் பாராட்ட வரவில்லை. பேசுவது சிலை மட்டுமே. வருகிறவர்கள் கடைசிவரை வாய் திறப்பதில்லை. அடைமொழிகளின் வரிசையாக வருகிறார்கள். ஓரிடத்தில், கரையில் ஒதுங்கிய கழிவுக்குரிய சொல்லால் குறிக்கப்படுகிறார்கள். இரக்கத்தில் பிறந்த சொல்தான். ஆனால் வார்ட்ஸ் தீவில் லாசரஸ் பார்த்த ஒரு முகமாவது, ஒரு மூட்டையாவது கவிதைக்குள் வரவில்லை. நம்மூர் வானம்பாடிகள் 1971 முதல் நமக்குப் பழக்கிய பிரகடனத் தொனிக்கு அந்தப் பெண்மணி அத்தை முறை ஆவார். பிரகடனத்துக்கு முகங்கள் தேவைப்படுவதில்லை.

அதற்கு ஒரு விசித்திரமான மறுமொழி அப்போதே கிடைத்தது, உரைநடையில். பீடத்துக்கு நிதி திரட்டுகிறவர்கள் சீனர்களிடமும் வந்து உண்டியல் குலுக்கினார்கள். 1885-ல் சாம் சோங் போ என்பவர் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். எந்த நாட்டில் சீனனுக்கு நுழைவும் குடியுரிமையும் இல்லையோ அந்த நாட்டின் சுதந்திர தேவிக்குப் பீடம் கட்டச் சீனனிடமே காசு கேட்பது அவமானம் என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தில் ஒரு மனிதனின் குரல் கேட்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்க ஊரில் 28 சீனர்கள் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர்களால் கொல்லப்பட்டார்கள்.

இந்த வெறுப்புக்கும் ஒரு கவிதை உண்டு. அதை எழுதியவர் வெறுப்பை எதிர்க்க நினைத்தவர் என்பதுதான் விமர்சகனுக்கு ருசிக்கிற விஷயம். பிரெட் ஹார்ட் 1870-ல் கலிபோர்னியாவிலிருந்து ஒரு வேடிக்கைப் பாட்டு வெளியிட்டார். சீட்டாட்டத்தில் சீனனை ஏமாற்ற உட்கார்ந்த இரண்டு வெள்ளையர்கள், சீனனும் தங்களைப் போலவே ஏமாற்றுகிறான் என்று கண்டதும் தர்மாவேசம் கொள்கிறார்கள். கதையைச் சொல்வது அந்த இருவரில் ஒருவன். சொல்கிறவனின் மூடத்தனத்தைக் கேலி செய்வதே நோக்கம். நாடு முழுவதும் மனப்பாடம் செய்தது, கேலியை மட்டும் விட்டுவிட்டு. சீனன் தந்திரக்காரன் என்பதற்குச் சான்றாகவே பாட்டு ஓடியது. தான் எழுதியதிலேயே மோசமான கவிதை அதுதான் என்று ஹார்ட் பின்னால் சொன்னார். என் கருத்தில் அது மோசமான கவிதை அல்ல. அங்கதம் என்பது சொல்கிறவனுக்கும் எழுதியவனுக்கும் இடையிலுள்ள சந்தில் குடியிருப்பது. சான் பிரான்சிஸ்கோவின் தெருக்களில் அந்தச் சந்தை அடைத்துவிட்டார்கள். சீனர்களை விரட்ட வேண்டும் என்று அங்கே 1877-ல் மேடை மேடையாக முழங்கிய டெனிஸ் கியர்னி அயர்லாந்தில் பிறந்து கப்பலேறி வந்தவர். இருபது வருஷங்களுக்கு முன்புதான் ஐரிஷ்காரர்களை விரட்ட ஒரு கட்சியே இருந்தது. நேற்று வந்தவன் இன்று கதவைச் சாத்துகிறான் என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் சுரங்க முதலாளிகளும் ரயில்வே முதலாளிகளும் குறைந்த கூலிக்குச் சீனனை வைத்து ஐரிஷ்காரனின் வேலைநிறுத்தத்தை உடைத்ததும் சேர்ந்ததே கணக்கு. முதலாளியைத் தொட முடியாதவன் பக்கத்திலிருப்பவனைத் தொட்டான்.

1892-ல் எல்லிஸ் தீவு திறந்தது. அதே வருஷம் தாமஸ் பெய்லி ஆல்ட்ரிச் என்பவர், கதவுகள் காவலின்றித் திறந்து கிடக்கின்றன என்று சுதந்திர தேவியை எச்சரிக்கும் கவிதை ஒன்றை எழுதினார். பாஸ்டனின் பெரிய மனிதர். பிரபல பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர். அதை இன்று யாரும் படிப்பதில்லை, படிக்கவும் வேண்டாம். ஆனால் லாசரஸின் கவிதை பட்டயத்தில் ஏறியது, ஆல்ட்ரிச்சின் கவிதை சட்டத்தில் ஏறியது. 1917-ல் எழுத்தறிவுத் தேர்வும் ஆசியத் தடை மண்டலமும். வரைபடத்தில் கோடு போட்டு ஒதுக்கிய அந்த மண்டலத்துக்குள் சென்னை ராஜதானியும் அடக்கம். 1924-ல் தேசவாரி ஒதுக்கீடு. 1890 மக்கள்தொகைக் கணக்கில் இருந்த தொகையில் நூற்றுக்கு 2. 1890 என்று பின்னோக்கிப் போனதற்குக் காரணம் எளிது: இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருந்தொகையாக வந்தது அதற்குப் பிறகுதான். லாசரஸ் யாரை நினைத்து எழுதினாரோ அவர்களுக்கே கதவு சாத்தப்பட்டது. அப்போது பட்டயத்துக்கு வயது இருபத்தொன்று.

இங்கே நம்மவர்கள் கணியன் பூங்குன்றனாரை மேடைக்கு இழுத்து வருவது வழக்கம். அவருக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கிறது. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் புணையையும், ஊழையும், பெரியோரை வியவாத சிறியோரை இகழாத ஒரு மனநிலையையும் பற்றிய கவிதை அது. முதல் அடியை மட்டும் அறுத்தெடுத்து உபசார வாசகமாக்கிவிட்டோம். வாசகமான பிறகு கவிதையை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

நான் எழுத உட்கார்ந்தது அந்த நாட்டின் இன்னொரு கரையைப் பற்றி. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு என்று ஒன்று இருக்கிறது. 1910 முதல் 1940 வரை அங்கே ஒரு குடியேற்ற நிலையம் இருந்தது. எல்லிஸ் தீவில் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் வெளியேறினார்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். ஏஞ்சல் தீவில் சீனர்கள் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும், சிலர் ஒரு வருஷத்துக்கு மேலும் பூட்டிய மரக் கொட்டடியில் கிடந்தார்கள். அந்தச் சுவர்களில் கவிதைகள் எழுதினார்கள். முதலில் பென்சிலிலும் மையிலும். அதிகாரிகள் வண்ணம் பூசி மறைத்தார்கள். பிறகு கத்தியால் மரத்தில் செதுக்கினார்கள். அதிகாரிகள் மக்குப் பசையால் குழிகளை அடைத்து அதன் மேல் வண்ணம் பூசினார்கள். அந்தப் பூச்சே மரத்தைப் பாதுகாத்தது. காலப்போக்கில் பசை சுருங்கி எழுத்து மேலெழுந்தது.

ஏன் அத்தனை நாள்? சட்டம் கூலிகளைத்தான் தடுத்தது. வியாபாரி, மாணவன், அமெரிக்கக் குடிமகனின் பிள்ளை ஆகியோர் வரலாம். 1898-ல் வோங் கிம் ஆர்க் வழக்கில், அமெரிக்க மண்ணில் பிறந்த சீனன் குடிமகனே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1906-ல் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தில் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. தான் அங்கேயே பிறந்தவன் என்று யார் சொன்னாலும் மறுக்கச் சான்றில்லை. அப்படிக் குடிமகனானவன் சீனா போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு பிள்ளை பிறந்ததாகப் பதிந்து வைத்தான். பிறவாத அந்தப் பிள்ளையின் இடத்தை இன்னொருவன் விலைக்கு வாங்கினான். காகிதப் பிள்ளைகள் என்று அவர்களைச் சொன்னார்கள். எல்லோரும் அப்படியல்ல. நிஜப் பிள்ளைகளும் வந்தார்கள். பிரித்துப் பார்க்க அதிகாரிகளிடம் இருந்த கருவி கேள்வி ஒன்றுதான்.

கேள்விகளைப் பாருங்கள். உன் வீட்டு வாசலுக்கு எத்தனை படி? அரிசிக் குதிர் எந்த அறையில்? உங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டில் யார்? அவர் மனைவியின் பாதம் கட்டிய பாதமா? கிணறு எவ்வளவு தூரம்? பிறகு 'தகப்பனை'த் தனியே அழைத்து அதே கேள்விகள். இரண்டு பதிலும் பொருந்த வேண்டும். இதற்காக ஊரிலேயே பாடப் புத்தகம் தயாரானது; வீடு, தெரு, மாமன் மச்சான் எல்லாம் கேள்வி பதிலாக. கப்பலில் மனப்பாடம் செய்து, கரை தெரிவதற்குள் கடலில் எறிந்துவிட வேண்டும். மறந்துபோன நிஜப் பிள்ளை தோற்றான். நெட்டுருப் போட்ட காகிதப் பிள்ளை ஜெயித்தான். வங்கிக் கவுன்டரில் நாள் முழுக்கக் கையெழுத்தை ஒப்பிடுகிற எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நிஜக் கையெழுத்துதான் ஒரு தடவை போல் இன்னொரு தடவை வராது.

இதை நான் விரித்துச் சொல்வது நம் யதார்த்தவாதிகளுக்காக. விவரம் துல்லியமாக இருந்தால் உண்மை வந்துவிட்டது என்ற நம்பிக்கை நம் நாவல் உலகில் இன்னும் உயிரோடிருக்கிறது. அரிசிக் குதிரின் இடத்தைச் சொல்லிவிட்டால் கிராமம் வந்துவிட்டது என்கிறார்கள். அமெரிக்க அரசாங்கமும் அப்படித்தான் நம்பியது. முப்பது வருஷம் ஓர் அரசு பலவந்தமாக யதார்த்தவாதப் புனைகதையை எழுத வைத்தது. அந்த விசாரணைப் பிரதிகள் இன்றும் சான் புரூனோவின் ஆவணக் காப்பகத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. படியெண்ணிக்கை எல்லாம் துல்லியம். பெற்ற தகப்பன் பெயர் பொய்.

இப்போது சுவருக்கு வருவோம். சுமார் இருநூறு கவிதைகள் கிடைத்திருக்கின்றன. எழுதியவர்கள் பெரும்பாலும் கான்டன் பகுதிக் கிராமத்து இளைஞர்கள், கொஞ்சம் பள்ளிப் படிப்பு. நான்கடி, எட்டடி, அடிக்கு ஐந்தெழுத்து அல்லது ஏழெழுத்து என்ற பழைய செய்யுள் வகை. சீனம் அறியாத நாம் ஆங்கில வழியாகத்தான் பார்க்கிறோம், மொழிபெயர்த்தவர்களும் உருவத்தைவிடப் பொருளையே காப்பாற்ற முனைந்திருக்கிறார்கள். யாப்புப் பல இடங்களில் பிசகுகிறது என்று தொகுத்தவர்களே சொல்கிறார்கள். தளை தட்டும் வெண்பாக்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நம் தனிப்பாடல் திரட்டில் பசிக்கும் வஞ்சத்துக்கும் கஞ்சப் பிரபுவுக்கும் பாடி வைத்தவை போல, நேரத்துக்கு எழுந்த பாட்டுகள். கணிசமானவை கவிதை ஆகவில்லை. கண்ணீர், நிலவு, பூச்சிகளின் ஓசை, விதி என்று தயாராக இருந்த பொருள்களை எடுத்து அடுக்கியிருக்கிறார்கள். பாடுபட்டவன் எழுதியதாலேயே கவிதையாகிவிடும் என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குறிப்பாக அந்தப் பழங்கதைகள். வூ தேசத்தில் சிறைப்பட்டு, விறகின் மேல் படுத்துப் பித்தப்பையை நக்கி வஞ்சத்தை மறவாதிருந்த யுவே மன்னன் கௌஜியன். பத்தொன்பது வருஷம் நாடோடிகளிடையே ஆடு மேய்த்த ஹான் தூதன் சூ வூ. புல்லாங்குழல் ஊதிப் பிச்சையெடுத்த வூ ட்ஸ‍ிஷூ. சலவைக் கடையில் துணி துவைக்க அனுமதி கேட்டுக் காத்திருக்கும் பையன் தன்னை அரசனோடு ஒப்பிடுகிறான். முதல் வாசிப்பில் இது செயற்கை, ஊதிப் பெருக்கியது. தன் கிராமத்தை, தன் தாயை, தன் கிணற்றை அல்லவா எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றும்.

எழுத முடியாது. கிணறு விசாரணை அறைக்குச் சொந்தமாகிவிட்டது. அவனுடைய விவரங்கள் அனைத்தையும் பொய் ஆக்கிரமித்திருந்தது. நிஜத் தகப்பனின் பெயரைச் சுவரில் எழுதினால் அடுத்த கப்பலில் திரும்ப வேண்டியதுதான். சில கவிதைகளில் வட்டாரத்தின் பெயர் உண்டு. அதைத் தாண்டி எழுதியவனை அடையாளம் காட்டும் எதுவும் அரிது. கையெழுத்து பெரும்பாலும் இல்லை. உரைநடையில் முழு விவரத்தோடு பொய் சொல்லக் கட்டாயப்படுத்தப்பட்டவனுக்கு, விவரம் இல்லாமல் உண்மை சொல்லும் இடமாகப் பொதுவான பழங்கதை இருந்தது. கௌஜியன் பெயரை எந்த அதிகாரியும் சரிபார்க்க முடியாது. தேய்ந்த படிமம் என்று நாம் தள்ளுவது அவனுக்கு மறைவிடம். இதனால் தேய்ந்த படிமம் தேயாததாகிவிடாது. ஆனால் நல்ல கவிதைகள் சிலவற்றில் அந்த மறைவிடத்துக்குள் மூச்சு வாங்கும் ஓசை கேட்கிறது. மரக் கட்டடத்தின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்; அவர்கள் ஒளிக்கத் தேவையில்லாத ஒரே ஸ்தூலப் பொருள் கண்முன் நின்ற அந்தச் சுவர்தான்.

இன்னொன்று. நாடு பலமாக இருந்தால் இப்படி நடக்குமா, ஒரு நாள் திருப்பித் தருவோம் என்ற கோபம் பல கவிதைகளில் வருகிறது. கப்பலேறும்போது அவன் ஒரு வட்டாரத்தான், ஒரு குலத்தான். கொட்டடிக்குள் வந்த பிறகுதான் சீனன் ஆகிறான். வெள்ளைக்காரனின் படிவத்தில் ஒரு கட்டம். அந்தக் கட்டம் கவிதைக்குள் தேசமாக மாறுகிறது. லாசரஸின் கவிதையில் சிலை பேச, வந்தவர்கள் மௌனம். இங்கே கல்லும் இல்லை சிலையும் இல்லை, வந்தவன் மட்டும் பேசுகிறான். ஆனால் தன் பெயரில் பேச முடியவில்லை. இரண்டு குறைகளில் எதைப் பொறுத்துக்கொள்வது என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன்.

சீனத் தடை 1943-ல் நீங்கியது. ஜப்பானோடு போர், சீனா நேச நாடு, காரணம் அதுதான். ஒதுக்கீடு வருஷத்துக்கு 105 பேர். மூன்று வருஷம் கழித்து இந்தியாவுக்கு 100 கிடைத்தது. தேசவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965 சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டது சுதந்திர தேவியின் காலடியில்தான். காட்சிக்குச் சிலை வேண்டியிருந்தது. காகிதப் பிள்ளைகள் பலர் அப்போதும் வாங்கிய பெயரிலேயே வாழ்ந்து கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் ஒரு குலப்பெயர், வாசலுக்கு வெளியே இன்னொன்று. 1956-ல் தொடங்கிய 'ஒப்புதல்' திட்டத்தில் சிலர் நிஜப் பெயரைச் சொன்னார்கள். ஒருவன் சொன்னால் அவன் காகிதக் குடும்பம் முழுவதும் அம்பலமாகும் என்பதால் பலர் சொல்லவில்லை.

ஏஞ்சல் தீவின் கட்டடத்தை இடிக்க முடிவாகியிருந்தது. 1970-ல் அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் சுவர்களில் எழுத்து இருப்பதைக் கவனித்தார். மேலதிகாரிகள் அக்கறை காட்டவில்லை. அவர் வெளியே சொன்னார். சீன அமெரிக்கர்கள் திரண்டார்கள். 1976-ல் கலிபோர்னியா சட்டமன்றம் பாதுகாப்புக்கு 2,50,000 டாலர் ஒதுக்கியது. ஹிம் மார்க் லாய், ஜென்னி லிம், ஜூடி யுங் மூவரும் தொகுத்த நூல் 1980-ல் வந்தது. மூவரும் அந்தத் தீவு வழியாக வந்தவர்களின் பிள்ளைகள்.

நூலிலுள்ள எல்லாக் கவிதைகளும் இன்று சுவரில் இல்லை. 1931-லும் 1932-லும் அங்கே அடைபட்டிருந்த இருவர் தனித்தனியே நோட்டுப் புத்தகத்தில் பார்த்தெழுதிக்கொண்டு போனவையும் அதில் சேர்ந்திருக்கின்றன. பெண்கள் நிர்வாகக் கட்டடத்தில் தனியே வைக்கப்பட்டிருந்தார்கள். 1940 ஆகஸ்டில் தீப்பிடித்தது அந்தக் கட்டடம். அவர்களும் சுவர்களில் எழுதினார்கள் என்று அங்கே இருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றையும் யாரும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கவில்லை.